நிருபராக வேண்டுமா? பத்திரிகைத் துறைப் பட்டத்திற்குப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோலா சிலாங்கூர் – எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வெளிவந்ததும் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. “பிள்ளைக்கு எழுத்திலும் பேச்சிலும் ஆர்வம். நிருபராக வேண்டும் என்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாம்? அந்தப் படிப்பு செல்லுமா?”

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பட்டம் செல்லுமா என்பது முதல் கேள்வி. இதற்குப் பதில் கைப்பேசியிலேயே ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அதைப் படித்தால் பிள்ளை நிருபராக வெளியே வருமா என்பது இரண்டாவது. இதற்கு எந்த அரசாங்க நிறுவனமும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. நாமே கேட்டு, நாமே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் கட்டணத்தைக் கட்டிவிடாமல், இரண்டாவதையும் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அங்கீகாரம் தருவது யார்?

மலேசியாவில் உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைச் சரிபார்த்து அங்கீகாரம் தருவது எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இது, அதற்கு முன் இருந்த ‘லான்’ எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் இடத்திற்கு வந்தது.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. அங்கீகாரம் பல்கலைக்கழகத்திற்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. ஒரு கல்லூரியின் கணக்கியல் படிப்பு அங்கீகாரம் பெற்றிருக்கலாம். அதே கல்லூரி புதிதாகத் தொடங்கிய ஊடகப் படிப்பு இன்னும் முழு அங்கீகாரம் பெறாமல் இருக்கலாம். ஆகவே “இந்தக் கல்லூரி எம்கியூஏ அங்கீகாரம் பெற்றதா?” என்று கேட்காதீர்கள். “இந்தப் படிப்பு, இந்த வளாகத்தில், அங்கீகாரம் பெற்றதா?” என்று கேளுங்கள்.

அங்கீகாரம் இரண்டு படிகளில் வருகிறது. முதலாவது தற்காலிக அங்கீகாரம். படிப்பைத் தொடங்கி நடத்துவதற்கான குறைந்தபட்சத் தகுதிகள் இருக்கின்றன என்பது இதன் பொருள். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும் கட்டத்தில் கல்விக்கூடம் முழு அங்கீகாரத்திற்கு விண்ணப்பிக்கிறது. எம்கியூஏ குழு நேரில் வந்து பார்த்து மதிப்பிட்ட பிறகே அது கிடைக்கும். தற்காலிக அங்கீகாரம் உள்ள படிப்பு மோசமான படிப்பு என்று அர்த்தமில்லை. புதிய படிப்புகள் எல்லாமே அந்தப் படியைத் தாண்டித்தான் வரவேண்டும். ஆனால், அதில் சேருபவர் முழு அங்கீகாரம் வருமா, எப்போது வரும் என்ற கேள்வியோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

எப்படிச் சரிபார்ப்பது?

எம்கியூஏ அகப்பக்கத்தில் எம்கியூஆர் எனும் தகுதிப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கல்விக்கூடத்தின் பெயரையோ படிப்பின் பெயரையோ தட்டினால் பட்டியல் வரும். அதில் ஐந்து விவரங்களைப் பாருங்கள்.

ஒன்று, படிப்பின் முழுப்பெயர். விளம்பரத் தாளில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு, சான்றிதழ் எண். எம்கியூஏ என்பதற்குப் பின் ‘எஃப்ஏ’ என்று இருந்தால் முழு அங்கீகாரம், ‘பிஏ’ என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம். ‘எஸ்டபிள்யுஏ’ என்றால், தன் படிப்புகளுக்குத் தானே அங்கீகாரம் தரும் தகுதியை எம்கியூஏவிடம் பெற்ற பல்கலைக்கழகம் என்று பொருள். மலாயாப் பல்கலைக்கழகம், யுஎஸ்எம், யுகேஎம், யுபிஎம் ஆகியவை இந்த வகையில் சேரும். தற்காலிக அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. பதிவேட்டில் பெயர் காணவில்லை என்றால் அந்தப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

மூன்று, தகுதி நிலை. டிப்ளோமா 4ஆம் நிலை, இளங்கலைப் பட்டம் 6ஆம் நிலை. பட்டம் என்று பேசிவிட்டு டிப்ளோமாவில் சேர்த்துவிடும் முகவர்களிடம் இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

நான்கு, அங்கீகாரம் செல்லுபடியாகும் காலம். ஐந்து, வளாகத்தின் முகவரி. ஒரே கல்விக்கூடத்திற்கு இரண்டு மூன்று வளாகங்கள் இருக்கும்போது இது முக்கியம்.

அங்கீகாரம் இல்லாத படிப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்காது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பட்டம் கணக்கில் வராது. பிறகு முதுகலை படிக்கலாம் என்று போனால் அங்கும் கதவு சாத்தியிருக்கும். மூன்று ஆண்டுகளும், வீட்டில் சீட்டுப் பிடித்தும் நகையை வைத்தும் கட்டிய பணமும் வீணாகிவிடும்.

நிருபருக்கு உரிமம் உண்டா?

மருத்துவருக்கு மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது. பொறியாளருக்கு வாரியம் இருக்கிறது. வழக்கறிஞருக்கும் தகுதி வாரியம் உண்டு. அந்த அமைப்புகள் ஏற்காத பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. பத்திரிகைத் தொழிலுக்கு மலேசியாவில் அப்படியொரு உரிமம் கிடையாது. இந்தப் பட்டம் இருந்தால்தான் நிருபர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தகவல் இலாகா வழங்கும் ஊடக அட்டைகூட வேலையில் இருப்பவருக்கான அடையாளம்தான், படிப்புக்கான சான்று அல்ல. மலேசிய ஊடக மன்றச் சட்டம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த மன்றம் ஊடக நெறிகளையும் புகார்களையும் கவனிப்பது. பட்டங்களைத் தரம் பிரிப்பது அதன் வேலையல்ல.

சில நாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் 1951 முதல் இயங்கும் என்சிடிஜே எனும் அமைப்பு, பத்திரிகைப் பயிற்சிக்கென்றே தனியாகப் படிப்புகளைச் சோதித்து அங்கீகாரம் தருகிறது. சுருக்கெழுத்து, ஊடகச் சட்டம், செய்தி எழுதுதல் என்று அதற்குத் தனித் தேர்வுகள் உண்டு. அமெரிக்காவிலும் பத்திரிகைக் கல்விக்கென ஒரு தனி அங்கீகார மன்றம் இருக்கிறது. நம் நாட்டில் அந்த வேலையைச் செய்ய ஒரு தொழில் அமைப்பு இல்லை. எம்கியூஏ பார்ப்பது கல்வித் தரத்தை: பாடத்திட்டம், விரிவுரையாளர் தகுதி, வசதிகள், மதிப்பீட்டு முறை. பிள்ளைக்குச் செய்தி எழுத வருமா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் இரண்டாவது கேள்வி நம் தலையில் விழுகிறது.

நம் மாவட்டத்திலேயே இரண்டு வளாகங்கள்

கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் இரண்டு பல்கலைக்கழக வளாகங்கள் இருக்கின்றன. ஒன்று பெஸ்தாரி ஜெயாவில் உள்ள யுனிசெல். நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர்தான். மற்றொன்று பண்டார் புஞ்சாக் ஆலமில் உள்ள யுஐடிஎம்.

யுஐடிஎம்மில் தொடர்பு, ஊடகத் துறைக்குப் பெரிய கல்விப்புலமே உண்டு. ஆனால் அதன் டிப்ளோமா, இளங்கலைச் சேர்க்கை பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே. நம் பிள்ளைகளின் பட்டியலில் அது வராது. தெரியாமல் ஒரு தேர்வை வீணாக்க வேண்டாம்.

யுனிசெல் 1999இல் தொடங்கப்பட்டது. சிலாங்கூர் மாநில அரசாங்கத்திற்குச் சொந்தமானது. அதனால் அரசாங்கப் பல்கலைக்கழகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தனியார் உயர்கல்விக்கூடமாகப் பதிவு பெற்றது. எல்லா இனத்தவரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கட்டணமும் தனியார் கணக்கில்தான் வரும். ஈஜோக்கிலிருந்தோ புக்கிட் ரோத்தானிலிருந்தோ வீட்டிலிருந்தே போய்வர முடிகிறது என்றால் தங்கும் செலவு மிச்சம். அது சின்ன விஷயமல்ல. ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேரக் கூடாது. அங்கு இப்போது வழங்கப்படும் தொடர்புத் துறைப் படிப்பின் சரியான பெயர் என்ன, அதில் செய்தி எழுதும் பாடங்கள் எத்தனை, பதிவேட்டில் அதன் நிலை என்ன என்று மேலே சொன்ன ஐந்து விவரங்களையும் வைத்துப் பாருங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள்

பினாங்கு யுஎஸ்எம்தான் இந்த நாட்டில் தொடர்புத் துறைப் படிப்புக்கு முன்னோடி. 1970களின் தொடக்கத்திலேயே அங்கு அந்தப் படிப்பு ஆரம்பமானது. பத்திரிகைத் துறையைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். ‘பெரித்தா கம்புஸ்’ எனும் மாணவர் பத்திரிகையும் அங்கிருந்து வருகிறது. செர்டாங் யுபிஎம்மின் நவீன மொழிகள், தொடர்புத் துறைக் கல்விப்புலத்திலும் பத்திரிகைத் துறை சிறப்புப் பாடமாக இருக்கிறது. பாங்கி யுகேஎம்மில் ஊடகத் தொடர்பும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஊடக ஆய்வியலும் பட்டப்படிப்புகளாக உள்ளன.

இவற்றுக்கு யுபியு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுப் புள்ளிகள் 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகள் 10 விழுக்காடு என்று தகுதி மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. அந்த 10 விழுக்காடுதான் பல நேரங்களில் இடத்தை முடிவு செய்கிறது. பள்ளியில் பேச்சுப் போட்டி, சங்கப் பொறுப்பு, சீருடை இயக்கம் எல்லாவற்றுக்குமான சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மூவெட் தேர்வை அலட்சியப்படுத்த வேண்டாம். சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

கலைப்பிரிவு மாணவர்களுக்கு இன்னொரு விவரம். மெட்ரிகுலேஷனில் கலைப்பிரிவு இல்லை. ஆகவே எஸ்பிஎம்மில் கலைப்பிரிவு எடுத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு ஆறாம் படிவம்தான் முதன்மையான பாதை. எஸ்டிபிஎம்மில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். ஆறாம் படிவம் கடினம், காலம் வீண் என்று பயமுறுத்துவோர் உண்டு. அங்கு செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம், முடித்தால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கும் பட்டப்படிப்பு காத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தனியார் வழி

காம்பாரில் உள்ள உத்தார் பல்கலைக்கழகத்திலும், செத்தாப்பாக்கில் உள்ள தார் யுஎம்டி பல்கலைக்கழகத்திலும் பத்திரிகைத் துறை என்ற பெயரிலேயே பட்டப்படிப்புகள் வழங்கப்பட்டு வந்துள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் பல தனியார் பல்கலைக்கழகங்கள் தொடர்புத் துறையை நடத்துகின்றன. படிப்புகளின் பெயரும் சேர்க்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சேரும் ஆண்டின் பட்டியலையே நம்புங்கள்.

எஸ்பிஎம்மில் குறைந்தது மூன்று பாடங்களில் கிரெடிட் இருந்தால் டிப்ளோமாவில் தொடங்கலாம். பிறகு பட்டப்படிப்புக்கு மாறும்போது சில பாடங்களுக்கு விலக்கும் கிடைக்கலாம். அந்த விலக்கு எத்தனை பாடத்திற்கு என்பதை டிப்ளோமாவில் சேருவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே பகுதி நேர நிருபராகத் தோட்டச் செய்திகளையும் கோயில் செய்திகளையும் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஏபெல் எனும் முறையில், 21 வயதைத் தாண்டியவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்திப் பட்டப்படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். செய்து வெளிவந்த செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோப்பே சாட்சி.

தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்க நினைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சென்னையின் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இத்துறையில் மிகப் பேர் பெற்றது. ஆனால் அது வழங்குவது பட்டதாரிகளுக்கான முதுநிலை டிப்ளோமா. இளங்கலைப் பட்டம் அல்ல. பேர் வேறு, பட்டம் வேறு. வெளிநாட்டில் எதில் சேருவதானாலும் அந்தத் தகுதி இங்கு ஏற்கப்படுமா என்று பணம் கட்டுவதற்கு முன் எம்கியூஏவிடம் கேட்டுவிடுங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பத்திரிகைத் துறை, மக்கள் தொடர்பு, நிறுவனத் தொடர்பு, விளம்பரம், ஒலிபரப்பு, ஊடக ஆய்வியல் என்று பல பெயர்கள் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. எல்லாம் அங்கீகாரம் பெற்றவையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கப் பழக்குகிறது, இன்னொன்று அந்த நிறுவனத்திடம் கேள்வி கேட்கப் பழக்குகிறது. நிருபராக விரும்பும் பிள்ளை நிறுவனத் தொடர்பில் சேர்ந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொள்வதில் பயனில்லை.

பல்கலைக்கழகத் திறந்தநாளுக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

• செய்தி சேகரித்தல், எழுதுதல், செம்மைப்படுத்துதல் ஆகியவற்றுக்கு எத்தனை பாடங்கள்? மாணவர்கள் உண்மையில் வெளியே போய்ச் செய்தி எடுக்கிறார்களா?

• மாணவர் பத்திரிகையோ செய்தித் தளமோ இருக்கிறதா? கடைசி இதழைக் காட்ட முடியுமா? இரண்டு ஆண்டுக்கு முந்தைய இதழைக் காட்டினால் புரிந்துகொள்ளுங்கள்.

• 1984 அச்சகச் சட்டம், 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டம், தேசநிந்தனைச் சட்டம், அவதூறுச் சட்டம் ஆகியவற்றைத் தனிப்பாடமாகக் கற்பிக்கிறார்களா? இவை தெரியாமல் எழுதும் நிருபர் தனக்கும் பத்திரிகைக்கும் ஆபத்து.

• விரிவுரையாளர்களில் செய்தி அறையில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர்?

• தொழிற்பயிற்சி எத்தனை வாரம்? அதைத் தமிழ் ஊடகத்தில் செய்ய அனுமதி உண்டா?

கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம்.

தமிழில் எழுத விரும்புவோருக்கு

மலேசியாவில் தமிழ் வழியில் நடத்தப்படும் பத்திரிகைத் துறைப் பட்டம் இல்லை. படிப்பு மலாயில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். அதனால்தான் தமிழ்ப் பத்திரிகைகளில் மொழி படித்து வந்தவர்கள் அதிகம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. தஞ்சோங் மாலிம் உப்சியிலும் தமிழ்க் கல்வி உண்டு. தமிழியல் பட்டத்தோடு நிருபரானவர்களில் நானும் ஒருவர். மொழி கை கொடுக்கும். ஆனால் கம்பெனிக் கணக்கைப் படிப்பதும், நீதிமன்றத் தீர்ப்பைப் புரிந்துகொள்வதும், மாவட்ட நில அலுவலகத்தில் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதும் இலக்கணத்தில் வராது.

ஆக, இரண்டு வழிகள் தெரிகின்றன. பத்திரிகைத் துறையில் பட்டம் எடுத்து, தமிழை எஸ்டிபிஎம் வரை விடாமல் படித்து, தொழிற்பயிற்சியைத் தமிழ் நாளிதழிலோ மின்னல் எஃப்எம்மிலோ பெர்னாமா தமிழ்ச் செய்திப் பிரிவிலோ கேட்டுப் பெறலாம். அல்லது தமிழில் பட்டம் எடுத்து, ஊடகச் சட்டத்தையும் செய்திப் பயிற்சியையும் குறுகிய காலப் பயிற்சிகளில் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வழியில் செல்பவருக்கு மலாய், ஆங்கில ஊடகங்களின் கதவும் திறந்திருக்கும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனதை நினைவில் வைத்துப் பார்த்தால், ஒரே கதவை மட்டும் நம்பி மூன்று ஆண்டுகளைச் செலவிடுவது சரியா என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பணக் கணக்கு

பிடிபிடிஎன் கடனுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் முதலில் எஸ்எஸ்பிஎன் கணக்கு திறந்திருக்க வேண்டும். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். ஒரு கணக்குக்குச் சொல்வதானால், 40,000 வெள்ளி கடனைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் அசல் மட்டும் மாதம் சுமார் 333 வெள்ளி. புதிய நிருபரின் சம்பளத்தில் வாடகை, மோட்டார் சைக்கிள், பெட்ரோல் போக இதையும் எடுத்து வைக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் இந்தத் தொகை வெகுவாகக் குறையும்.

சிலாங்கூர் மாநில அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று உயர்கல்வி உதவி வழங்கி வருகிறது. உங்கள் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்திலோ இந்திய சமூகத் தலைவரிடமோ விண்ணப்பம் எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான கடிதம், சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கோலா சிலாங்கூர் பட்டணத்தில் ரயில் நிலையம் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். செர்டாங்கோ பாங்கியோ தினமும் போய்வரும் தூரமல்ல. முதலாண்டுக்குப் பிறகும் விடுதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்?

வட சிலாங்கூரில் மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 2024 மே 11இல் நடந்த கோலா குபு பாரு இடைத்தேர்தலின்போது நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் அத்தகைய பிரச்சினை இடைத்தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் அப்படியேதான் இருக்கிறது. யார் என்ன வாக்குறுதி கொடுத்தார்கள், எந்தத் தேதியில் கொடுத்தார்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு, தவறில்லாமல் எழுத ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த வட்டாரத்துப் பிள்ளையாக இருந்தால் யாரிடம் கேட்பது என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. எப்படிக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பதைத்தான் பல்கலைக்கழகம் கற்றுத்தர வேண்டும்.

யுபியு விண்ணப்பம் திறக்கும் முன் மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு தாளில் கோடு போட்டு, பதிவேட்டு எண், நிலை, செய்திப் பாடங்கள், தொழிற்பயிற்சி, மொத்தச் செலவு என்று எழுதிப் பாருங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் விசாரித்து, சரிபார்த்து, ஒரு தாளில் சுருக்கமாக எழுதுவது நிருபர் வேலையின் முதல் பாடம். அந்தத் தாளை நிரப்பும்போதே இந்தத் தொழில் தனக்குப் பிடிக்குமா என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.